கலங்கி வருகிற தண்ணீர்

அன்பின் ஐயா,

கமக்காரருக்கான அரச அலுவலகங்களான கமநல சேவை நிலையங்களில் உள்ள வெற்றிடங்களை நிரப்பவேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். 2022இல் இலங்கை வங்குரோத்தானது மறந்துபோச்சா? என் அப்பப்பா காலத்தில் குளத்தை ஊர்தானே காத்தது? மண் பாதுகாப்பு, குளப் பாதுகாப்பு என்று சம்பளம் கொடுப்பதை விட்டு அந்தக் காசைப் பசளைக்குக் கொடுத்தால் கமக்காரனுக்கு ஏதாவது மிஞ்சும்.

ஒரு வாசகர், ஒட்டுசுட்டான்

அன்பின் தம்பி,

ஊர் காத்தது அரைவாசி உண்மை. உங்கள் அப்பப்பா காலத்தில் தண்ணீருக்கென்று ஒரு விதானை இருந்தார். அறுவடையில் அவருக்கு நெல் அளந்து கொடுத்தார்கள். அதுவும் சம்பளந்தான். 1958ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டத்தோடு அந்தப் பதவி போனது.

இரணைமடு, முத்தையன்கட்டு போன்ற பெரிய குளங்களுக்கு நீர்ப்பாசனத் திணைக்களம் இருக்கிறது. 200 ஏக்கருக்கு உட்பட்ட வயலுக்குப் பாய்கிற சின்னக் குளங்கள் கமநலத் திணைக்களத்தின் பொறுப்பு. வன்னியில் எத்தனை ஊர்ப்பெயர் குளத்தில் முடிகிறது என்று எண்ணிப் பாருங்கள். அத்தனைக்கும் மோட்டார் சைக்கிளில் ஓடித்திரிகிற ஒன்றிரண்டு பேர்தான்.

சில வருடங்களுக்கு முன் ஒரு மாரியில் எங்கள் குளக்கட்டின் பின்பக்கம் ஈரம் கண்டது. "அது எப்பவும் கசியிறதுதான்" என்று விட்டுவிட்டோம். தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்தார். குந்தியிருந்து ஒரு சோடாப் போத்தலில் அந்தத் தண்ணீரைப் பிடித்து வெளிச்சத்தில் காட்டினார். "கசிஞ்சா காரியமில்லை அண்ணை. கலங்கி வந்தாத்தான் கட்டு உள்ளுக்குள்ள கரையுது." கலங்கித்தான் இருந்தது. முன்னொரு காலம் கட்டில் நின்ற பாலை மரத்தைத் தறித்திருந்தோம். வேர் உக்கி, அந்த வழியால் தண்ணீர் ஓடத் தொடங்கியிருந்தது. துருசை (குளத்து மதகை) திறந்து குளத்தை இறக்கி, ஊற்றைச் சுற்றி மண்மூடை அடுக்கி, மணலும் சல்லியும் போட்டு விடியும்வரை நின்றோம்.

2022 முடிவில் அரச ஊழியருக்கு 60 வயதோடு ஓய்வு என்ற விதி வந்தபோது அவரும் போனார். அவருடைய கதிரையில் இப்போது கோப்புகள் இருக்கின்றன. படிவம் நிரப்பிவிட்டு வீட்டுக்குப் போகிற உத்தியோகத்தர்களும் உண்டு, மறுக்கவில்லை. அவர்களுக்காக நான் வழக்காடவில்லை.

பசளைக் கதைக்கு வருவோம். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே நாளில் நிறுத்தியபோது, மாற்று வழியை வயலில் நின்று சொல்லித்தர விவசாயப் போதனாசிரியர்கள் போதவில்லை. போட்ட பசளையும் மேல்மண் நின்றால்தான் பயிருக்கு. அலைகரைக் காட்டை, அதாவது குளத்து நீர் விளிம்பை ஒட்டிய காட்டை, வெட்டிய இடத்தில் அந்த மண் குளத்துக்குள் போகிறது. பிறகு திட்டம் வருகிறது, பெக்கோ வருகிறது, பெயர்க்கல் நடுகிறார்கள். தூர் வாரக் காசு உண்டு, தூராமல் பார்க்கிற ஆளுக்குக் காசில்லை. மண் பாதுகாப்புச் சட்டம் 1951இலேயே வந்துவிட்டது. காணிக்குள் நடந்துபோய்ப் பார்க்கிறவர் இல்லாவிட்டால் அது வெறும் கடதாசி.

இந்த மாரியும் கட்டின் பின்பக்கம் ஈரம். நானே போத்தலில் பிடித்துப் பார்த்தேன். தெளிவுபோலத்தான் கிடக்கிறது. போனவருக்குப் பதிலாகக் கடமை பார்க்கிறவர் செவ்வாய்க்கிழமைகளில் மட்டுந்தான் வருவாராம்.