நெஞ்சுக்குப் பிசின் மருந்து: நீங்கள் கேட்டவை

வந்த கேள்விகளில் ஒன்றை வரிசை மீறி முதலில் எடுக்கிறேன். காரணம் படித்தாலே புரியும்.

கேள்வி: அப்பாவுக்கு 62 வயது. மாடி ஏறினால் நெஞ்சை அழுத்துகிறதாம், இடது தோள் வரை வலிக்கிறதாம். குக்குலு கொடுத்தால் கொழுப்பு கரையும் என்கிறார்கள். எவ்வளவு கொடுக்கலாம்?

பதில்: ஒரு குன்றிமணி அளவுகூட வேண்டாம் தம்பி. நடந்தால் அழுத்தி, நின்றால் விடுகிற வலி இதயத்தின் வலியாக இருக்கலாம். இன்றைக்கே ஈ.சி.ஜி. எடுங்கள். உட்கார்ந்திருக்கும்போதே வலித்தாலோ வியர்த்தாலோ உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். குக்குலு ராஜஸ்தான், குஜராத் வறள்நிலத்து முள்மரத்தின் பிசின். கொழுப்பைக் குறைக்கும் என்ற பேச்சை 2003-இல் அமெரிக்காவில் சோதித்துப் பார்த்தார்கள். கெட்ட கொழுப்பு குறையவில்லை, சற்றே கூடியது. பால் எடுக்கிறேன் என்று கண்டபடி கீறியதில் அந்த மரமே அழிவின் விளிம்பில் நிற்கிறது.

கேள்வி: பிள்ளைக்கு இரண்டு வாரத்துக்கு மேலாக இருமலும் நெஞ்சுச்சளியும். தினமும் சாம்பிராணி காட்டுகிறேன். தொடரலாமா ஐயா?

பதில்: நிறுத்திவிடுங்கள் அம்மா. எந்த மரத்துப் புகையானாலும் இருமுகிற நெஞ்சுக்கு அது புகைதான். கம்ப்யூட்டர் சாம்பிராணியில் கரித்தூளும் மரத்தூளும் சேர்கின்றன.

சாம்பிராணிக்கு நெஞ்சு மருந்தென்ற பெயர் இல்லாமல் இல்லை. சுமத்திராவிலிருந்து வரும் அந்தப் பிசினைச் சாராயத்தில் கரைத்த டிங்சர் பென்சாயினில் ஒரு டீஸ்பூனை அரை லிட்டர் வெந்நீரில் விட்டு ஆவி பிடிப்பது பழைய வழக்கம். மூக்குக்கும் தொண்டைக்கும் இதமாக இருக்கும். அதுவும் பெரியவர்களுக்குத்தான், அடுப்பை அணைத்துப் பாத்திரத்தை இறக்கி வைத்த பிறகுதான். டிங்சர் குப்பென்று தீப்பிடிக்கும். பிள்ளைகள் பக்கத்தில் வெந்நீர்ப் பாத்திரமே ஆபத்து. இருமல் இரண்டு வாரம் தாண்டினால் காசநோய்ப் பரிசோதனை அவசியம். அரசு மருத்துவமனையில் இலவசமாகவே பார்ப்பார்கள்.

கேள்வி: நெஞ்செரிச்சலுக்குப் பாதாம் பிசின் நல்லதா?

பதில்: வழவழப்பு இருப்பதால் இதமாக இருக்கும், அவ்வளவுதான். இரவே ஊறப்போடுங்கள். ஊறாமல் விழுங்கினால் உணவுக்குழாயிலேயே உப்பி அடைத்துக்கொள்ளும். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் ரூமி மஸ்தகி வேறு ரகம். கிரேக்கத்தின் கியோஸ் தீவில் மரத்திலிருந்து சொட்டுச் சொட்டாக எடுக்கும் பிசின். லேசான செரிமானக் கோளாறுக்கான மரபு மருந்தென்று ஐரோப்பிய மருந்து முகமை 2015-இல் அதை ஏற்றது. நெடுங்காலப் பழக்கத்தை வைத்துத்தான் ஏற்றார்கள்.

கேள்வி: ஆஸ்துமாவுக்குக் குந்திரிக்கம்?

பதில்: இந்தப் பிசின்களில் கொஞ்சமாவது சான்று உள்ளது இதற்குத்தான். 1998-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 40 பேருக்கு ஒரு வேளைக்கு 300 மில்லிகிராம், தினம் மூன்று வேளை, ஆறு வாரம் கொடுத்தார்கள். பெரும்பாலோருக்கு மூச்சிரைப்பு குறைந்தது. ஆனால் 40 பேர் என்பது சின்னக் கூட்டம். மருத்துவரிடம் சொல்லிவிட்டு மாத்திரையாக எடுக்கலாம். இன்ஹேலரை மட்டும் தூக்கிப் போடாதீர்கள். வீட்டில் புகைப்பதும் வேண்டாம்.

கேள்வி: கடையில் குங்கிலியம் கேட்டால் ஒரு நாள் வெள்ளையாகவும் ஒரு நாள் கறுப்பாகவும் தருகிறார்கள். எது அசல்?

பதில்: இரண்டும் அசல், மரம்தான் வேறு. குங்கிலியக் கலய நாயனார் திருக்கடவூரில் தூபமிட்ட காலம் முதல் நமக்குப் பெயர் ஒன்றே. வடக்கே சால மரத்துப் பிசினும் குங்கிலியம், மேற்குத் தொடர்ச்சி மலை வெள்ளைப்பயின் மரத்துடையதும் குங்கிலியம். கறுப்பு, நீலகிரிப் பக்கம் காட்டில் பழங்குடி மக்கள் சேகரிப்பது. எண்ணெயில் காய்ச்சி, நீர் விட்டுப் பலமுறை அலசி எடுக்கும் குங்கிலிய வெண்ணெய் மேற்பூச்சு. அதை நெஞ்சுச்சளிக்கு உள்ளே கொடுக்காதீர்கள். கலப்படச் சந்தேகம் வந்தால் ஒரு துண்டை வெந்நீரில் போட்டுப் பாருங்கள். குங்கிலியம் இளகுமே தவிரக் கரையாது. கரைந்து பசையானால் கடைக்காரர் உங்களுக்குத் தந்தது வேலம்பிசின்.