கெட்டியான கட்டி எல்லாம் முற்றிய கட்டி அல்ல

கேள்வி: 58 வயதான என் அம்மாவுக்கு மார்பகத்தில் கோர் பயாப்சி (தடித்த ஊசியால் திசுத் துண்டு எடுத்துச் செய்யும் சோதனை) செய்ததில் ஊடுருவும் புற்றுநோய் என்றும், ‘டெஸ்மோபிளாஸ்டிக் ஸ்ட்ரோமா’ காணப்படுகிறது என்றும் அறிக்கை வந்துள்ளது. உறவுக்கார மருத்துவர் ஒருவர் இதை ‘ஸ்கிரஸ்’ என்றார். கட்டி இறுகிவிட்டதால் நோய் முற்றிவிட்டது என்று பொருளா?

பதில்: அப்படிப் பொருள் இல்லை. இறுகிய வெண்டைக்காயையும் முற்றல் என்கிறோம், உடலெங்கும் பரவிய புற்றுநோயையும் முற்றியது என்கிறோம். இந்த அச்சத்தில் பாதி அந்தச் சொல்லால் வருவது.

ஸ்ட்ரோமா என்பது புற்றுச் செல்களைத் தாங்கி நிற்கும் திசு. புற்றுச் செல்கள் ஊடுருவும்போது அங்குள்ள ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் தூண்டப்பட்டு, கொலாஜன் என்னும் நார்ப்புரதத்தை அடர்த்தியாக உண்டாக்குவதையே டெஸ்மோபிளாசியா என்கிறோம். ஆகவே விரலுக்குக் கல்லாகத் தட்டுப்படுவதில் பெரும்பகுதி புற்றுச் செல்கள் அல்ல, உடலே நெய்த நார்.

ஸ்கிரஸ், கடினம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. நுண்ணோக்கி இல்லாத காலத்தில் கையால் தொட்டு வைத்த பெயர். அறுவையில் எடுத்த இத்தகைய கட்டியை ஆய்வகத்தில் வெட்டும்போது, காயான பேரிக்காயை நறுக்குவதுபோல் கத்தி நறநறக்கும். மார்பகத்தைப் பொறுத்தவரை இது பழைய வழக்கு. அத்தகைய கட்டிகளில் பெரும்பாலானவற்றை இன்று ‘சிறப்பு வகை சாராத ஊடுருவும் கார்சினோமா’ என்றே எழுதுகிறார்கள். இரைப்பையில் கதை வேறு: அங்கே ஸ்கிரஸ் வகை, சுவர் முழுவதும் பரவி இரைப்பையையே தோல் பைபோல் விறைக்கச் செய்யும் கடுமையான நோய். இணையத்தில் அதைப் படித்துவிட்டு அம்மாவின் அறிக்கையோடு பொருத்திப் பார்க்காதீர்கள்.

அறிக்கையில் கால்சிஃபிகேஷன் என்றும் இருந்தால் அது நார் அன்று, சுண்ணப் படிவு. ஃபைப்ரோஅடினோமா என்னும் தீங்கற்ற கட்டி பழசாகும்போது மார்பக எக்ஸ்-ரேயில் சோளப்பொரிபோல் தெரியும் பெரிய படிவு தீங்கற்றது, கொத்தாகத் தெரியும் நுண்புள்ளிகளையே ஆராய வேண்டும். இறுகல் என்று பெயரிலேயே இருந்தாலும், மார்பகச் சுரப்பிகள் பெருகி நாரால் இறுகும் ‘ஸ்கிளிரோசிங் அடினோசிஸ்’ புற்றுநோயே அன்று.

நீங்கள் கேட்க வேண்டியவை வேறு. நாட்டிங்ஹாம் கிரேடு என்பது, புற்றுச் செல்கள் இயல்பிலிருந்து எவ்வளவு மாறியுள்ளன என்று காட்டும் தரம். குழாய் அமைப்பு, உட்கருவின் தோற்றம், செல் பிரியும் வேகம் ஆகிய மூன்றுக்குமான மதிப்பெண்ணே அது; கெட்டித்தன்மைக்கு அதில் இடமில்லை. நோய் எந்த நிலையில் உள்ளது என்பதைக் கட்டியின் அளவும் நிணநீர்க்கணுக்களும் பிற உறுப்புகளுக்குப் பரவியுள்ளதா என்பதும் முதன்மையாகச் சொல்லும். ஈ.ஆர்., பி.ஆர். (ஹார்மோன் ஏற்பிகள்), ஹெர்-2 (செல் வளர்ச்சியைத் தூண்டும் ஒரு புரதம்) ஆகியவை புற்றுச் செல்களில் உள்ளனவா என்ற சோதனை முடிவுகளைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். எந்தச் சிகிச்சை என்பது பெரிதும் அவற்றைப் பொறுத்தது.

முதலில் கீமோதெரபி கொடுத்தால், செல்கள் அழிந்த இடத்தில் நார்த்தழும்பு மட்டும் எஞ்சி, கைக்கு இன்னும் கெட்டியாகவே தட்டுப்படலாம். உயிருள்ள செல் மிச்சமிருக்கிறதா என்பதை அறுவைக்குப் பின் வரும் நோய்க்குறியியல் அறிக்கையில்தான் பார்க்க வேண்டும்.