கணினி கேள்வி பதில்: தொலைக்காட்சிக்குப் பின்னால் ஒரு லினக்ஸ் கணினி

வீட்டில் சேர்ந்துகிடக்கும் படங்கள், பாடல்கள், குடும்பப் பதிவுகள் அனைத்தையும் ஒரு லினக்ஸ் கணினியில் வைத்துத் தொலைக்காட்சித் திரையில் பார்ப்பது எப்படி என்று பல வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். இந்த இதழுக்கு ஐந்து கடிதங்களை எடுத்துக்கொண்டேன். ஐந்தும், படங்களையும் பாடல்களையும் அடுக்கிக் காட்டித் திரையில் ஓட்டும் கோடி என்ற மென்பொருளைப் பற்றியவை. ஆனால் அவற்றில் கோடியின் மீது சுமத்தப்பட்ட குறைகளில் பெரும்பாலானவை கோடியுடையவை அல்ல. அதற்கு அடியில் இருக்கும் டிரைவர் (வன்பொருளை இயக்கும் மென்பொருள்), வட்டு, கோப்பின் பெயர், எழுத்துரு ஆகியவற்றினுடையவை. குறை எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் நல்லதொரு மென்பொருளை வீணாக அழித்துவிட்டு வேறொன்றைத் தேடி அலைய வேண்டியதில்லை.

கேள்வி: என்னிடம் இருப்பது நான்காம் தலைமுறை இன்டெல் ஐ3 செயலியும் 4 ஜிபி நினைவகமும் கொண்ட பழைய கணினி. லினக்ஸ் மின்ட் நிறுவி அதில் கோடியைப் போட்டிருக்கிறேன். பழைய படங்கள் நன்றாக ஓடுகின்றன. அண்மையில் சேர்த்த சில படங்களில் ஒலி முன்னால் போக, காட்சி திக்கித் திக்கி நிற்கிறது. இதற்கு லினக்ஸ் சரிப்படாதா? – ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: லினக்ஸ் மீது குற்றம் இல்லை, உங்கள் கணினியும் நீங்கள் நினைப்பதுபோல் பயனற்றது அல்ல. கோடி 2002-இல் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டிக்காக ஆர்வலர்கள் எழுதத் தொடங்கிய மென்பொருள். எக்ஸ்பிஎம்சி என்று வழங்கிவந்த அதற்கு 2014-இல்தான் இன்றைய பெயர் வந்தது. அந்த முதல் எக்ஸ்பாக்ஸில் இருந்தது 733 மெகாஹெர்ட்ஸ் செயலியும் 64 எம்பி நினைவகமும் மட்டுமே. ஆகவே கோடியின் பட்டியல்களும் சுவரொட்டிகளும் திரையில் நகர்வதற்கு உங்கள் கணினி தாராளமாகப் போதும்.

சிக்கல் கோப்பின் உள்ளே இருக்கிறது. உங்கள் பழைய படங்கள் எச்.264 என்ற முறையிலும், புதியவை எச்இவிசி என்ற எச்.265 முறையிலும் சுருக்கப்பட்டிருக்கும். சுருக்கியதை மீண்டும் விரித்துக் காட்டும் வேலையை, அதற்கென்றே அமைந்த சுற்று கிராஃபிக்ஸ் பகுதியில் இருந்தால் அது செய்துவிடும். இல்லாவிட்டால் அந்தச் சுமை முழுவதும் செயலியின் தலையில் விழும். இன்டெல்லின் நான்காம் தலைமுறையில் எச்.264-க்கு அந்தச் சுற்று உண்டு, எச்இவிசிக்கு இல்லை. ஆறாம் தலைமுறையில் 8 பிட் எச்இவிசியும், ஏழாம் தலைமுறையில் 10 பிட் எச்இவிசியும் சேர்ந்தன.

இதை நீங்களே கண்ணால் பார்க்கலாம். படம் ஓடும்போது விசைப்பலகையில் ஆங்கில ‘ஓ’ எழுத்தை அழுத்தினால் திரையில் ஒரு தகவல் கட்டம் வரும். அதில் டிகோடர் என்ற வரியின் முடிவில் ‘எச்டபிள்யூ’ என்றிருந்தால் கிராஃபிக்ஸ் சுற்று வேலை செய்கிறது. ‘எஸ்டபிள்யூ’ என்றிருந்தால் செயலி தனியாகத் திணறுகிறது என்று பொருள். எச்.264 படத்துக்கும் ‘எஸ்டபிள்யூ’ என்றே காட்டினால் டிரைவர் இல்லை என்று கொள்ளலாம். சாஃப்ட்வேர் மேனேஜரில் விஏ-டிரைவர் என்று தேடினால் இரண்டு கிடைக்கும்: நான்காம் தலைமுறைக்கும் அதற்கு முந்தையவற்றுக்கும் ஐ965 என்று தொடங்குவது, ஐந்தாம் தலைமுறை முதல் இன்டெல்-மீடியா என்று தொடங்குவது. உங்களுக்கு வேண்டியது முதலாவது. நிறுவிய பின், கோடியின் அமைப்புகளில் இடப்புறம் கீழே இருக்கும் நிலையை ‘எக்ஸ்பர்ட்’ என்று மாற்றி, பிளேயர் பிரிவில் வீடியோ என்ற பகுதியில், கிராஃபிக்ஸ் சுற்றுக்கு வேலையைக் கொடுக்கும் விஏஏபிஐ அனுமதிக்கப்பட்டிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

எச்இவிசி படங்களுக்கு என்ன செய்வது? 1080 அளவுப் படங்களைச் செயலி தன் பலத்தில் ஓரளவு ஓட்டிவிடும். 4கே படங்கள் இந்தக் கணினியில் ஓடா, எந்த அமைப்பை மாற்றினாலும் ஓடா. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளால் அவற்றை எச்.264-க்கு மாற்றலாம் என்றாலும், ஒரு படத்துக்கே பல மணி நேரம் பிடிப்பதோடு தரமும் சிறிது குறையும். அத்தகைய படங்கள் நிறைய இருந்தால், எச்இவிசியை வன்பொருளிலேயே விரிக்கும் ராஸ்பெரி பை 4 என்ற சிறு கணினி ஒன்றை வாங்கி, கோடிக்காகவே வடிவமைக்கப்பட்ட லிப்ரிஎலெக் என்ற சிறிய லினக்ஸை அதில் போடுவதே நான் பரிந்துரைக்கும் வழி.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பலர் இதையும் திக்கல் என்றே எழுதுகிறார்கள். திரைப்படம் நொடிக்கு 24 சட்டங்கள் (ஃபிரேம்கள்) கொண்டது. திரையோ நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது. 24-ஐ 60-க்குள் சமமாகப் பங்கிட முடியாததால் ஒரு சட்டம் மூன்று முறையும் அடுத்தது இரண்டு முறையும் மாறி மாறிக் காட்டப்படுகிறது. கேமரா மெல்லப் பக்கவாட்டில் நகரும் காட்சிகளில் இது ஒரு நடுக்கமாகத் தெரியும். அதே வீடியோ பகுதியில், திரையின் புதுப்பிப்பு வேகத்தைப் படத்துக்கு ஏற்ப மாற்றும் அமைப்பு இருக்கிறது. அதைப் படம் தொடங்கும்போதும் முடியும்போதும் என்று வைத்தால், 24 ஹெர்ட்ஸை ஏற்கும் தொலைக்காட்சியில் அந்த நடுக்கம் அகன்றுவிடும்.

கேள்வி: 2 டிபி வெளிவட்டில் படங்களை வைத்திருக்கிறேன். சில நாட்களில் கணினியைத் திறந்தால் கோடி எந்தக் கோப்பும் இல்லை என்கிறது. வட்டைக் கழற்றி மாட்டினால் சரியாகிறது. வட்டு பழுதா? – ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு. லினக்ஸில் வெளிவட்டு தானாகத் திறந்துகொள்வதுபோல் தோன்றினாலும், உண்மையில் அதைத் திறந்து கொடுப்பது நீங்கள் உள்நுழையும் டெஸ்க்டாப். டெஸ்க்டாப் எழுவதற்கு முன் கோடி தொடங்கினாலோ, டெஸ்க்டாப்பே இல்லாமல் கோடி மட்டும் தொடங்கும்படி வைத்திருந்தாலோ, அந்த வேலையைச் செய்ய ஆள் இல்லை. ஆகவே வட்டை ஒரு நிலையான இடத்தில் ஏற்றும்படி கணினிக்கே சொல்லிவிட வேண்டும். மின்ட், உபுண்டு ஆகிய லினக்ஸ் வகைகள் இரண்டிலும் உள்ள டிஸ்க்ஸ் என்ற கருவியில் அந்த வட்டைத் தேர்ந்து, அதன் மவுண்ட் அமைப்புகளைத் திறந்தால் இதைச் செய்யலாம். வட்டை அடையாளம் காண யூயுஐடி என்ற நீண்ட எண்ணையே தேர்ந்தெடுங்கள். வேறொரு பென்டிரைவைச் செருகினாலும் அது மாறாது. அதே இடத்தில் ‘நோஃபெயில்’ என்ற சொல் இருக்கிறதா என்று அவசியம் பாருங்கள். அந்தச் சொல் இல்லாத நிலையில் வட்டைக் கழற்றி வைத்துவிட்டுக் கணினியைத் திறந்தால், அது ஒன்றரை நிமிடம் காத்திருந்துவிட்டு அவசர நிலைக் கறுப்புத் திரையில் போய் நின்றுவிடும். என் வீட்டில் ஒரு பொங்கல் விடுமுறை நாளில் அப்படி நின்றபோது, காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு பிற்பகல் முழுவதும் ஆயிற்று.

அந்த வட்டை விண்டோஸ் கணினியிலும் பயன்படுத்துகிறீர்கள் என்றால் மற்றொரு காரணமும் உண்டு. விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி கணினியை முழுமையாக அணைப்பதில்லை. அந்த நிலையில் பிடுங்கப்பட்ட என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் வடிவம்) வட்டை லினக்ஸ் ஏற்க மறுக்கும், அல்லது படிப்பதற்கு மட்டும் திறக்கும். விண்டோஸில் அந்த வசதியை நிறுத்திவிடுங்கள்.

வட்டு தெரியாத நாளில் கோடியின் ‘கிளீன் லைப்ரரி’யை மட்டும் தொடாதீர்கள். கோப்புகள் போய்விட்டன என்று எண்ணி, எதைப் பார்த்தீர்கள், எதைப் பாதியில் நிறுத்தினீர்கள் என்ற பதிவுகளை அது நீக்கிவிடக்கூடும்.

கேள்வி: படங்களுக்குப் பொருந்தாத சுவரொட்டிகள் வருகின்றன. குடும்ப விழாப் பதிவுகளுக்கு ஏதோ வேற்றுமொழிப் படத்தின் கதைச்சுருக்கம் வருகிறது. தமிழ் வசன வரிகள் வெறும் கட்டங்களாகத் தெரிகின்றன. பழைய எம்பி3 பாடல்களின் பெயர்களோ பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக இருக்கின்றன. – ஒரு வாசகி, கோலாலம்பூர்

பதில்: நான்கும் நான்கு வெவ்வேறு சிக்கல்கள். இவற்றுள் முதலாவதற்குச் செலவிடும் நேரம்தான் எல்லாவற்றிலும் அதிகப் பயன் தருவது.

கோடி படத்தைத் திறந்து பார்த்து அடையாளம் காண்பதில்லை. கோப்பின் பெயரை மட்டுமே டிஎம்டிபி என்ற தரவுத்தளத்தில் தேடுகிறது. ‘பில்லா’ என்று மட்டும் பெயரிட்டால், 1980-இல் ரஜினிகாந்த் நடித்ததா, 2007-இல் அஜித் நடித்ததா என்று அதற்கு எப்படித் தெரியும்? பெயருக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு, அடைப்புக்குறிக்குள் ஆண்டைச் சேர்த்து ‘பில்லா (2007)’ என்று வையுங்கள். பெயரை ஆங்கில எழுத்தில் எழுதும்போது டிஎம்டிபியில் உள்ள எழுத்துக்கூட்டலையே பின்பற்றுங்கள். தமிழ்ப் பெயர்களை ஆளுக்கொரு விதமாக ஆங்கிலத்தில் எழுதும் நம் வழக்கமே பாதித் தவறுகளுக்குக் காரணம். ஒவ்வொரு படத்துக்கும் தனிக் கோப்புறை இருப்பதும் நல்லது.

குடும்பப் பதிவுகளைத் திரைப்படங்களோடு ஒரே கோப்புறையில் வைக்கவே கூடாது. அவற்றுக்குத் தனியாக ஒரு கோப்புறை அமைத்து, கோடியில் அதைச் சேர்க்கும்போது தகவல் தரும் இடமாக ‘லோக்கல் இன்ஃபர்மேஷன் ஒன்லி’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். அது இணையத்தில் எதையும் தேடாது. ‘2009-05-17 தாத்தா எண்பதாம் பிறந்தநாள்’ என்பதுபோல் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் பெயரைத் தொடங்கினால் பதிவுகள் காலவரிசையில் தாமாகவே அமைந்துவிடும். திரைப்படத்தை மீண்டும் எங்கிருந்தாவது பெற்றுக்கொள்ளலாம். தாத்தாவின் குரல் உங்கள் வட்டில் மட்டுமே இருக்கிறது. பெயரிடும் வேலையோடு, அந்தக் கோப்புறைக்கு இன்னொரு வட்டில் பிரதி எடுத்து வைக்கும் வேலையையும் இன்றே செய்துவிடுங்கள்.

வசன வரிகள் கட்டங்களாகத் தெரிவதற்குக் காரணம், தேர்ந்தெடுக்கப்பட்ட எழுத்துருவில் தமிழ் இல்லாதது. நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற எழுத்துருக் கோப்பு ஒன்றை, உங்கள் ஹோம் கோப்புறையில் மறைந்திருக்கும் ‘.கோடி’ கோப்புறைக்குள் மீடியா, அதற்குள் ஃபான்ட்ஸ் என்ற இடத்தில் வைத்து, கோடியை மீண்டும் தொடங்குங்கள். பிறகு வசன வரிகளுக்கான அமைப்பில் அந்த எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கலாம். மெனுக்களிலும் கட்டங்கள் வந்தால், ஸ்கின் (திரைத் தோற்றம்) அமைப்பில் எழுத்துருவை ‘ஏரியல் பேஸ்டு’ என்று மாற்றிப் பாருங்கள். பழைய பதிப்புகளில் தமிழ் எழுத்துகள் வந்தாலும் கொம்புகள் இடம்மாறி நிற்கும். ஆகவே இயன்றவரை புதிய பதிப்பையே பயன்படுத்துங்கள். உங்கள் லினக்ஸின் மென்பொருள் களஞ்சியத்தில் பழைய பதிப்பே இருந்தால், ஃபிளாட்ஹப் என்ற இணையக் களஞ்சியத்திலிருந்து ஃபிளாட்பேக் என்ற தனிப்பொதி வடிவில் நிறுவலாம். ஆனால் ஃபிளாட்பேக் மென்பொருள் தனக்கு அனுமதிக்கப்பட்ட கோப்புறைகளை மட்டுமே பார்க்கும் என்பதையும், அதன் தரவுகள் ‘.கோடி’யில் இல்லாமல் ‘.வார்’ என்ற கோப்புறைக்குள் இருக்கும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். வெளிவட்டு தெரியாவிட்டால் ஃபிளாட்சீல் என்ற கருவியில் அனுமதி கொடுத்துவிடலாம்.

பாடல்களின் பெயர்கள் யூனிகோடு பரவுவதற்கு முன், பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சிடப்பட்டவையாக இருக்கும். அந்த எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்கள் வரையப்பட்டிருந்தன. எழுத்துரு போனதும் அடியில் இருந்த ஆங்கில எழுத்துகள் வெளியே தெரிகின்றன. இதற்குக் கோடியில் அமைப்பு எதுவும் இல்லை. கிட்3 என்ற மென்பொருளில் பாடல்களைத் திறந்து, பெயர்களை யூனிகோடு தமிழில் எழுதிச் சேமிக்க வேண்டும். பொறுமை வேண்டிய வேலைதான். ஆனால் ஒருமுறை செய்துவிட்டால், யூனிகோடு அறிந்த எந்தக் கருவியிலும் அந்தப் பெயர்கள் தமிழாகவே தெரியும்.

கேள்வி: எல்லாப் புதுப்படங்களும் சேனல்களும் இலவசமாக வரும்படி கோடியை அமைத்துத் தருவதாக ஒருவர் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா? – ஒரு வாசகர், சேலம்

பதில்: வேண்டாம். கோடி இலவசமாகக் கிடைக்கும் திறமூல மென்பொருள். அதனுடன் எந்தப் படமும் சேனலும் வருவதில்லை. அவர் சேர்க்கப்போவது திருட்டுப் படங்களைக் காட்டும் ஆட்ஆன்கள், அதாவது கோடியோடு சேரும் துணை நிரல்கள். சட்டம் ஒருபுறம் இருக்க, ஆட்ஆன் என்பது உங்கள் கணினியில் ஓடும் பைத்தான் நிரல். உங்கள் பயனர் கணக்கால் தொடக்கூடிய கோப்புகளையெல்லாம் அதுவும் தொட முடியும். கோடியின் சொந்தக் களஞ்சியத்தில் இருப்பவற்றோடு நிறுத்திக்கொண்டு, வெளியிடங்களிலிருந்து ஆட்ஆன்களை நிறுவ அனுமதிக்கும் ‘அன்னோன் சோர்சஸ்’ என்ற அமைப்பை அணைத்தே வைத்திருங்கள்.

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 74. கோடியில் அவருடைய பாடல்களையெல்லாம் சேர்த்துவிட்டேன். விசைப்பலகையும் மவுஸும் அவருக்கு ஒத்துவரவில்லை. தொலைக்காட்சி ரிமோட்டிலேயே இயக்க முடியுமா? – ஒரு வாசகி, மதுரை

பதில்: எச்டிஎம்ஐ கம்பி வழியாகவே ரிமோட்டின் கட்டளைகளை அனுப்பும் சிஇசி என்ற வசதி இதற்காகத்தான் இருக்கிறது. ஆனால் பெரும்பாலான மேசைக் கணினிகள், மடிக்கணினிகளின் எச்டிஎம்ஐ வாயிலில் அது இணைக்கப்படுவதில்லை. ராஸ்பெரி பையில் உண்டு. சாதாரணக் கணினிக்கு வேண்டுமானால் பல்ஸ்-எய்ட் நிறுவனத்தின் யுஎஸ்பி-சிஇசி அடாப்டர் இருக்கிறது. எனினும் உங்கள் தேவைக்கு யுஎஸ்பியில் ஒரு சிறு ரிசீவரைச் செருகிப் பயன்படுத்தும் தனி ரிமோட்டே போதும். லினக்ஸ் அதை விசைப்பலகையாகவே எண்ணிக்கொள்வதால் அம்புக்குறிகளும் ‘ஓகே’ பொத்தானும் வழக்கமாக உடனே வேலை செய்யும். நீங்கள் வீட்டில் இருக்கும்போது கோரே என்ற ஆண்ட்ராய்டு செயலி வழியாக உங்கள் கைப்பேசியிலிருந்தும் உதவலாம். அதற்குக் கோடியின் சர்வீசஸ் அமைப்பில் எச்டிடிபி வழிக் கட்டுப்பாட்டைக் கடவுச்சொல்லுடன் அனுமதிக்க வேண்டும்.

ரிமோட்டைவிட முக்கியமானது, அம்மாவின் கண்ணில் டெஸ்க்டாப்பே படாமல் இருப்பது. அவருக்கென ஒரு பயனர் கணக்கை உருவாக்கி, தானாக உள்நுழையும்படி வைத்து, உள்நுழைவுத் திரையில் டெஸ்க்டாப்புக்குப் பதிலாகக் கோடி என்ற செஷனைத் தேர்ந்துவிடுங்கள். கணினியின் பொத்தானை அழுத்தினால் நேரே கோடி வந்து நிற்கும். பிறகு ஸ்கின் அமைப்பில் முதன்மைப் பட்டியலுக்குச் சென்று அவருக்குத் தேவையற்ற வரிகளை ஒவ்வொன்றாக மறையுங்கள்: வானிலை, கேம்கள், வானொலி என்று அவர் தொடாதவை எல்லாம் போகட்டும். இசையும் ‘ஃபேவரிட்ஸ்’ என்ற வரியும் மட்டும் இருக்கட்டும். பாடல் தொகுப்புகளின் மீது நின்று மெனு பொத்தானை அழுத்தி அவற்றை ஃபேவரிட்ஸில் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் அவர் வாயால் எப்படிச் சொல்வாரோ அந்தப் பெயரையே வையுங்கள்: ‘காலைப் பாட்டு’, ‘முருகன் பாட்டு’, ‘ரேடியோவில் கேட்டது’.