இன்வெர்ட்டர் இழப்பும் 25 ஆண்டுக் கணக்கும்

கேள்வி: எங்கள் வீட்டு மொட்டை மாடியில் 5.4 கிலோவாட் சோலார் பேனல்களும் 5 கிலோவாட் இன்வெர்ட்டரும் அமைக்க விலைப்புள்ளி வாங்கியுள்ளோம். உடன் வந்த மென்பொருள் அறிக்கையில் இன்வெர்ட்டர் இழப்பு 2.6% என்று போட்டு, முதலாண்டு உற்பத்தியை அப்படியே 25-ஆல் பெருக்கிக் காட்டியிருக்கிறார்கள். இதை நம்பலாமா, ஐயா?
- வாசகர் ஒருவர், வள்ளியூர்

பதில்: 2.6% என்பதை நம்பலாம். பேனல் தரும் நேர்மின்சாரத்தை வீட்டுக்கான மாறுமின்சாரமாக்கும்போது இரண்டு, மூன்று சதவீதம் வெப்பமாகப் போவது இன்றைய நல்ல இன்வெர்ட்டர்களில் இயல்புதான். பெருக்கியதுதான் சரியில்லை.

பிவிசிஸ்ட் போன்ற மென்பொருள், வழக்கமான ஓர் ஆண்டின் வெயிலையும் வெப்பநிலையையும் மணிவாரியாக எடுத்துக்கொண்டு அந்த ஓராண்டு உற்பத்தியைக் கணக்கிடுகிறது. பேனல்களின் தேய்மானத்தை நாம் தனியே சேர்த்துக் கணக்கை ஓட்ட வேண்டும். நாளுக்குச் சராசரியாக 20 யூனிட், அதாவது ஆண்டுக்கு 7,300 யூனிட் என்று கொண்டால், வெறும் பெருக்கலில் 1,82,500 யூனிட் வரும். ஆண்டுக்கு அரை சதவீதத் தேய்மானத்தைச் சேர்த்தால் அது சுமார் 1,72,000 யூனிட்டாகிவிடும்.

இன்வெர்ட்டரின் உச்சவரம்புக்கு மேல் வரும் மின்சாரம் வீணாகும் ‘கிளிப்பிங்’ இழப்பு சித்திரை வெயிலில்தான் மிகுதி என்று பலரும் எண்ணுகிறார்கள். நம் பக்கத்தில் நடப்பது வேறு. சித்திரை நண்பகலில் பேனல் 60 டிகிரி வரை சுடும். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.35% திறன் குறைவதால், உங்கள் 5.4 கிலோவாட் 4.7 அளவில் நின்றுவிடும். ஆனி, ஆடியிலோ ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி வரும் காற்று பேனலைக் குளிர வைத்திருக்க, ஓடும் மேகம் விலகும் சில நிமிடங்களில் நேர்வெயிலும் மேக விளிம்பில் பட்டுச் சிதறும் ஒளியும் சேர்ந்து விழும்போது 5 கிலோவாட்டைக் கடக்கக்கூடும். மணிச் சராசரியில் அந்த நிமிடங்கள் கரைந்துபோவதால் அறிக்கையில் இந்த இழப்பு பூஜ்யம் என்றே வரும். உங்கள் அமைப்பில் இது சொற்பம். பேனல் தேயத் தேய இன்னும் குறையும். இதே இன்வெர்ட்டரில் 7 கிலோவாட் பேனலை மாட்டச் சொல்லியிருந்தால், சில நிமிட இடைவெளியிலான தரவுகளைக் கொண்டு கணக்கிட்டுத் தரும்படி கேட்கச் சொல்லியிருப்பேன்.

உண்மையான பெரிய இழப்பு வேறிடத்தில் இருக்கிறது. பேனல் சிறுகச் சிறுகத் தேயும். இன்வெர்ட்டர் ஒருநாள் சட்டென்று நின்றுபோகும். அதிலுள்ள கெப்பாசிட்டர்கள் (மின்தேக்கிகள்) வெப்பத்தில் உலர்ந்துபோவது அதற்கு ஒரு முக்கியக் காரணம். 25 ஆண்டுக்குள் ஒருமுறையேனும் புது இன்வெர்ட்டர் வாங்க வேண்டியிருக்கும் என்று கொள்வதே விவேகம். 97% திறனுள்ள இன்வெர்ட்டருக்கும் 98% திறனுள்ளதற்கும் ஆண்டுக்கு 75 யூனிட்தான் வித்தியாசம். உதிரிபாகம் வராமல் ஒரு மாதம் நின்றால் 600 யூனிட் போய்விடும். எட்டு ஆண்டுகளில் மிச்சம் பிடித்தது அந்த ஒரே மாதத்தில் கரைந்துவிடுகிறது. ஆகவே, பழுது பார்க்கும் நிலையம் திருநெல்வேலியிலேயே உண்டா என்று கேட்பது, திறனில் அரை சதவீதத்துக்குப் பேரம் பேசுவதைவிட மேல். மென்பொருளில் செயலிழப்பு நாட்களைக் குறிக்கவும் இடமுண்டு; அங்கே பூஜ்யம் இருந்தால் ஆண்டுக்கு நான்கைந்து நாட்களையாவது சேர்த்து மறுபடி ஓட்டித் தரச் சொல்லுங்கள்.

உங்கள் வீடு மின்பாதையின் கடைசியில் இருந்தால், ஒரு வாரம் நண்பகல் வேளைகளில் மின்னழுத்தத்தைக் குறித்து வையுங்கள். 230 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 250-ஐத் தாண்டினால் பல இன்வெர்ட்டர்கள் பாதுகாப்புக்காகத் தாமே இணைப்பைத் துண்டித்துக்கொள்ளும். அப்படித் துண்டிப்பது பெரும்பாலும் உற்பத்தி உச்சத்தில் இருக்கும் வேளையில்தான். நாமாகக் கொடுத்தாலொழிய எந்த மென்பொருளுக்கும் இது தெரியாது.

இன்வெர்ட்டரை மேற்குச் சுவரில் மாட்ட விடாதீர்கள். மாலை வெயிலில் உள்வெப்பம் ஏறினால் அது தன் உற்பத்தியைத் தானே குறைத்துக்கொள்ளும். வடக்குச் சுவரில், நிழலில், சுற்றிலும் ஒரு சாண் காற்றிடம் விட்டு மாட்டச் சொல்லுங்கள்.