நிறமாலையும் மெஷின் லேர்னிங்கும்: கேள்வி பதில்

கேள்வி: சார், 12 குப்பிகள், குப்பிக்கு 50 ராமன் நிறமாலை (லேசர் பட்டுச் சிதறும் ஒளியின் வரைபடம்), மொத்தம் 600. கலைத்துப்போட்டு, பயிற்சிக்கு 80, சோதனைக்கு 20 சதவீதம் எனப் பிரித்தேன். துல்லியம் 99 சதவீதம். கட்டுரை எழுதலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். உங்களிடம் உண்மையில் இருப்பது 12 சாம்பிள்தான். ஒரே குப்பியில் எடுத்த ஐம்பதும் கிட்டத்தட்ட அச்சு அசல். நாற்பது பயிற்சிக்கும் பத்து சோதனைக்கும் போனால், வினாத்தாளைக் கொடுத்துவிட்டுத் தேர்வு வைத்த கதைதான். குப்பி வாரியாகப் பிரியுங்கள். சோதனைக்குப் போகும் குப்பியின் ஐம்பதும் சேர்ந்தே போகட்டும்.

அடுத்தது, ஒரு வகையைத் திங்களன்றும் மற்றதைச் செவ்வாயன்றும் அளந்தீர்களா? அப்படியானால் மாடல் கிழமையைக் கற்றிருக்கலாம். கருவியைச் சரிபார்க்கும் சிலிக்கான் துண்டின் பீக் (நிறமாலையின் முகடு) 520.5 செ.மீ⁻¹-இல் நிற்கிறதா என்று தினமும் பாருங்கள். மறுநாள் அது 521.5-க்கு நகர்ந்திருந்தால், இரண்டு வகையையும் பிரிக்க மாடலுக்கு அதுவே போதும். அளக்கும் வரிசையைக் கலந்துவிடுங்கள். பி.சி.ஏ. (பல மாறிகளைச் சிலவாகச் சுருக்கும் முறை), ஸ்கேலிங் எல்லாவற்றையும் தரவைப் பிரித்த பிறகு, பயிற்சித் தரவில் மட்டும் கணக்கிடுங்கள். எஸ்.என்.வி. என்ற சீராக்கும் முறை ஒவ்வொரு நிறமாலையையும் தனித்தனியே சரிசெய்வதால் முன்னாலேயே செய்யலாம். எம்.எஸ்.சி. என்ற முறை அப்படியல்ல; அது எல்லா நிறமாலையின் சராசரியோடு ஒப்பிட்டுத் திருத்துவதால், அந்தச் சராசரி வழியாகச் சோதனைத் தரவு உள்ளே கசியும்.

கேள்வி: ஃபுளோரசன்ஸ் (சாம்பிள் தானே உமிழும் ஒளி) ராமன் பீக்கையே மூடிவிடுகிறது. எந்த அல்காரிதம் நல்லது?

பதில்: முதலில் லேசரை மாற்றிப் பாருங்கள், 532-இலிருந்து 785 நானோமீட்டருக்கு. ராமன் சிதறல் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகும், ஆனால் ஃபுளோரசன்ஸ் பெரும்பாலும் அதைவிட வேகமாக விழும். பேஸ்லைன் (பீக்குகளுக்கு அடியில் இருக்கும் பின்னணி) கழிப்பதெல்லாம் அதன் பிறகு.

கேள்வி: பைதானில் எந்த லைப்ரரி?

பதில்: சைக்கிட்-லேர்ன். குப்பி வாரியாகப் பிரிக்க உதவும் குரூப்-கே-ஃபோல்டும் அதிலேயே இருக்கிறது.

கேள்வி: என்னிடம் 40 சாம்பிள், ஆயிரம் அலைநீளத்தில் அளந்த ஒளி உட்கவர்தல்; அதிலிருந்து செறிவைக் கணிக்க வேண்டும். பி.எல்.எஸ். (பல அலைநீளங்களைச் சில மறைமாறிகளாகச் சுருக்கி நேர்கோடு பொருத்தும் முறை) பழங்காலத்துச் சமாசாரம் இல்லையா? நியூரல் நெட்வொர்க்குக்கு முன்செயலாக்கமே தேவையில்லை என்கிறார்களே.

பதில்: சொல்பவர்கள் எத்தனை சாம்பிள் வைத்திருந்தார்கள் என்று கேளுங்கள். உங்களிடம் 40 சாம்பிள், ஆயிரம் அலைநீளம். நீர்த்த கரைசலில் ஒளி உட்கவர்தல் செறிவுக்கு நேர்விகிதம், பியர்-லாம்பர்ட் விதி. விதியே நேர்கோடாக இருக்கும்போது பி.எல்.எஸ்.-இல் நாலைந்து மறைமாறிகள் போதும். லட்சம் அளவுருக்களை அங்கே எதற்கு இறக்குவது?

கேள்வி (மேலே கேட்டவரே): அப்படியானால் நிறை நிறமாலையியலில் (மூலக்கூறுத் துண்டுகளின் நிறையை அளப்பதில்) நியூரல் நெட்வொர்க் ஏன் ஜெயிக்கிறது?

பதில்: நல்ல கேள்வி, ஒப்புக்கொள்கிறேன். 2019-இல் வந்த ப்ராசிட் என்ற நியூரல் நெட்வொர்க், பெப்டைடு (புரதத்தின் சிறு துண்டு) உடையும்போது எந்தத் துண்டு எவ்வளவு வரும் என்று கணிக்கிறது. அதற்குப் பின்னால் லட்சக்கணக்கான செயற்கைப் பெப்டைடுகளை அளந்த தரவு இருக்கிறது. உடையும் விதமும் நேர்கோட்டில் அடங்காது. அங்கே நெட்வொர்க் வைக்கலாம், வைக்கத்தான் வேண்டும். உங்கள் நாற்பதுக்கு வேண்டாம்.

கேள்வி (அவரே): டேட்டா ஆக்மென்டேஷன், அதாவது இருக்கும் தரவைச் சற்றே மாற்றிப் பெருக்குவது, செய்தால்?

பதில்: இரைச்சலைச் சேர்த்தால் அதே நாற்பதின் நகல்கள்தான் பெருகும். அவற்றைப் பெருக்கிய பிறகு பிரித்தால், முதல் கேள்வியில் சொன்ன வினாத்தாள் கதையே.

கேள்வி: 9 சாம்பிள், 97 சதவீதம். நன்றாக இருக்கிறதா?

பதில்: முதல் பதில்.

கேள்வி: மின்னணு மூக்கு (பல வாயு சென்சார்களால் வாசனையை அடையாளம் காணும் கருவி) செய்தோம். போன வருடம் பயிற்றுவித்த மாடல் இப்போது உளறுகிறது.

பதில்: உலோக ஆக்சைடு சென்சார்தானே? அதன் அளவீடு நகரும். ஈரப்பதம் மாறினாலும் நகரும், வயதானாலும் நகரும். சிலிகோன் ஆவி பட்டால் நஞ்சேறியும் போகும். பெர்சாட், டாட் என்ற ஆய்வாளர்கள் 1982-இல் மின்னணு மூக்கை முன்வைத்தார்கள். இந்தத் தலைவலி இன்னும் தீரவில்லை. யு.சி.ஐ. என்ற இணையத் தரவுக் களஞ்சியத்தில் 16 சென்சார், 6 வாயு, 36 மாதத் தரவு ஒன்று இருக்கிறது. முதல் சில மாதங்களில் பயிற்றுவித்து கடைசி மாதங்களில் சோதித்துப் பாருங்கள். உங்கள் தரவையும் அப்படியே காலவரிசைப்படி பிரியுங்கள். தெரிந்த வாயு ஒன்றை அவ்வப்போது செலுத்தித் திருத்துவதுதான் நம்பகமான வழி.

கேள்வி: ரேண்டமாகப் பிரித்தால் என்ன தப்பு?

பதில்: மேலே படித்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: மாடலுக்குக் கண்டறியும் எல்லையை (நம்பிக் கண்டறியக்கூடிய மிகக் குறைந்த செறிவை) எப்படிச் சொல்வது?

பதில்: ஒரே பகுபொருள் (அளக்க வேண்டிய பொருள்), நேர்கோட்டு அளவீடு என்றால், பிளாங்க்கை (அந்தப் பொருள் இல்லாத சாம்பிளை) பலமுறை அளந்து அதன் திட்டவிலக்கத்தை மூன்றால் பெருக்கி, அளவீட்டுக் கோட்டின் சரிவால் வகுங்கள். ஒவ்வொரு முறையும் பிளாங்க்கைப் புதிதாகத் தயாரியுங்கள்; ஒரே பிளாங்க்கைத் திரும்பத் திரும்ப அளந்தால் கருவியின் இரைச்சல் மட்டுமே கிடைக்கும்.