பயணத்தில் உடம்பைப் பார்த்துக்கொள்வது: ஆயுர்வேதக் கேள்வி பதில்

கேள்வி: எந்த ஊருக்குப் போனாலும் முதல் மூன்று நாள் மலம் இறங்குவதே இல்லை. வீட்டுக்கு வந்ததும் தானாகச் சரியாகிவிடுகிறது. கிளம்பும் முந்தைய இரவு பேதிக்கு ஏதாவது சாப்பிட்டுவிடலாமா?

பதில்: வேண்டாம். பேதியானால் குடலில் இருக்கும் நீர் இன்னும் வற்றும். மறுநாள் சிக்கல் கூடத்தான் செய்யும்.

உடம்பின் அசைவை நடத்துவதாக ஆயுர்வேதம் சொல்லும் தோஷம் வாதம். வறட்சி, லேசு, குளிர்ச்சி, அசைவு இவை அதன் குணங்கள். காற்றில் அலைவது, நேரம் தவறிச் சாப்பிடுவது, தூக்கம் கெடுவது எல்லாமே இந்தக் குணங்களைத் தூண்டிவிடும். வாதத்தின் இருப்பிடம் பெருங்குடல். அதனால்தான் பயணத்தின் முதல் அடி அங்கே விழுகிறது. இதோடு இன்னொன்றும் சேர்கிறது: கழிப்பறை சுத்தமாக இல்லை, வண்டி நிற்காது என்று அடக்கிக்கொள்கிறோம். அடக்கக் கூடாத வேகங்கள், அதாவது உடம்பின் இயற்கை உந்துதல்கள், என்று ஆயுர்வேதம் 13 சொல்கிறது. மலம், சிறுநீர், கீழ்க்காற்று மூன்றும் அதில் உண்டு. அடக்கிய மலம் பெருங்குடலில் தங்கத் தங்க அதிலிருந்து நீர் உறிஞ்சப்பட்டுக்கொண்டே இருக்கும். மறுநாள் அது கட்டியாக நிற்கும். போனால் வலிக்கும், வலிக்கு பயந்து மறுபடியும் அடக்குவோம்.

செய்ய வேண்டியது: எழுந்ததும் வெதுவெதுப்பான நீர் 300 மில்லி, ஐந்து நிமிடத்தில் குடித்துவிடுங்கள். அரை மணி கழித்துச் சூடான காலை உணவு, அளவு கொஞ்சமானாலும் சரி. வயிற்றுக்குள் உணவு இறங்கியதும் பெருங்குடல் தானாக அசையும். அந்த 20 நிமிடத்தைக் கழிப்பறைக்கென்று ஒதுக்கிவையுங்கள். வண்டி ஆறு மணிக்கு என்றால் நாலரைக்கே எழுந்திருங்கள். நான் பார்த்தவரை பலருக்கும் இது ஒன்றே போதுமானதாக இருக்கிறது.

போதாவிட்டால் திரிபலா சூரணம். கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய் மூன்றும் சம அளவு சேர்ந்தது. இரவு படுக்கும்போது ஒரு தட்டைத் தேக்கரண்டி, ஏறக்குறைய 3 கிராம், வெந்நீரில். ஆனால் பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே வீட்டில் எடுத்துப் பாருங்கள். சிலருக்கு முதல் நாளே இளக்கிவிடும். அந்தச் சோதனையை நெடுந்தூரப் பேருந்தில் செய்யக் கூடாது. கர்ப்பிணிகளும் வயிற்றுப்போக்கு இருப்பவர்களும் தொட வேண்டாம்.

கேள்வி: விமானத்தில் ஏறினாலே வயிறு பலூன் மாதிரி ஊதிக்கொள்கிறது. செரிமானக் கோளாறா?

பதில்: பாதிதான் செரிமானம், மீதி இயற்பியல். பறக்கும்போது உள்ளே இருக்கும் காற்றழுத்தம் சுமார் 1,800 முதல் 2,400 மீட்டர் உயர மலையில் இருக்கும் அளவுக்குக் குறைகிறது. வயிற்றுக்குள் இருக்கும் வாயு அதற்கேற்பக் கால் பங்குக்கும் மேலே விரியும். காலி வயிறும் தொல்லை, முட்ட நிறைந்த வயிறும் தொல்லை.

ஏறுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே சாப்பிட்டு முடியுங்கள். வயிற்றில் இரண்டு பங்கு திட உணவு, ஒரு பங்கு நீர், ஒரு பங்கு காலி என்பது பழைய கணக்கு. பறக்கும் நாளில் அந்தக் காலிப் பங்கைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். பயறு வகைகள், பச்சைக் காய்கறி, சோடா, சூயிங்கம் அன்றைக்கு வேண்டாம். சூயிங்கம் மெல்லும்போது காற்றையும் சேர்த்து விழுங்குகிறோம், அது யாருக்கும் நினைவிருப்பதில்லை. அரைத் தேக்கரண்டி சீரகத்தை 200 மில்லி நீரில் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு வடிகட்டிச் சூடாகக் குடித்துவிட்டு ஏறுங்கள். வாயு வந்தால் வெட்கப்படாமல் கழிப்பறைக்குப் போய்விட்டு வாருங்கள்.

கேள்வி: மூக்கு காய்ந்து ரத்தக் கீறல் வருகிறது. நசியம் (மூக்கில் எண்ணெய் விடுவது) செய்யலாமா? எத்தனை சொட்டு?

பதில்: விமானத்துக்குள் ஈரப்பதம் பெரும்பாலும் 10 முதல் 20 சதவீதம்தான். மூக்கின் உள்தோல் வறண்டு வெடிப்பது அதனால்தான்.

பயணத்துக்குச் சரியானது சிறு அளவு நசியம் மட்டும், அதாவது பிரதிமர்சம். ஒவ்வொரு மூக்கிலும் இரண்டு சொட்டு நல்லெண்ணெய் அல்லது அணு தைலம் (மூக்கில் விடுவதற்கான மூலிகை எண்ணெய்). தலையை லேசாகப் பின்னால் சாய்த்து விட்டு, மெல்ல உள்ளிழுத்து, தொண்டைக்கு வந்ததைத் துப்பிவிட வேண்டும். கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பு ஒரு தடவை போதும். ஓடும் வண்டியில் சொட்டு மருந்துக் குழாயை மூக்குக்குள் விடாதீர்கள், குத்திவிடும். விமானத்துக்குள் விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்து நாசியின் உள்விளிம்பில் தடவினாலே போதும்.

சளி, காய்ச்சல், சைனஸ் வலி இருக்கும்போதும், சாப்பிட்டவுடனும், தலைக்குக் குளித்தவுடனும் கூடாது. அளவைக் கூட்டினால் பலன் கூடும் என்று நினைக்க வேண்டாம். எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் ஒருவகை நிமோனியா வரும். குழந்தைகளுக்கும், விழுங்குவதில் சிரமம் உள்ள முதியவர்களுக்கும் மூக்கில் எண்ணெய் விடவே கூடாது. ரத்தம் திரும்பத் திரும்ப வந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: தினமும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பவன். விடுதியில் அதற்கு நேரமும் இல்லை, இடமும் இல்லை. விட்டுவிட்டால் தூக்கம் கெடுகிறது.

பதில்: முழு உடம்பும் வேண்டாம். உள்ளங்கால், காது மடல், உச்சந்தலை மூன்றும் போதும். மொத்தம் ஒரு தேக்கரண்டி எண்ணெய், ஐந்து நிமிடம். வறண்ட உடம்புக்கு நல்லெண்ணெய். உடம்பு சூடு அதிகம், உள்ளங்கால் எரிகிறது என்பவர்களுக்குத் தேங்காய் எண்ணெய். கிண்ணத்தில் ஊற்றி வெந்நீரில் வைத்துச் சூடாக்கலாம். உள்ளங்காலை வட்டமாக, குதிகாலிலிருந்து விரல் வரை தேய்த்து, பழைய பருத்திக் காலுறை போட்டுக்கொண்டு படுங்கள். எண்ணெய்க் காலோடு கழிப்பறைத் தரையில் நடந்து வழுக்கி விழுந்தவர்கள் நிறைய. காலுறைக்கு அதுவும் ஒரு காரணம்.

பல விமான நிலையங்களில் கைப்பையில் ஒரு குப்பி 100 மில்லிக்கு மேல் போகாது. பத்து நாளுக்கு 60 மில்லி தாராளம். குப்பியை முக்கால் மட்டுமே நிரப்பி, வாயில் பிளாஸ்டிக் தாளை வைத்து மூடியைத் திருகுங்கள். மேலே போனதும் உள்ளிருக்கும் காற்று விரிந்து எண்ணெயை வெளியே தள்ளும். துணியெல்லாம் நாறுவது அப்படித்தான். எண்ணெய் ஊறிய துண்டை உலர்த்தும் இயந்திரத்தில் போடாதீர்கள், சூட்டில் தீப்பிடிக்கலாம்.

காய்ச்சல், அஜீரணம், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆகாத வயிறு: இந்த நேரங்களில் எண்ணெய் தேய்ப்பதில்லை.

கேள்வி: நீண்ட விமானப் பயணத்துக்குப் பிறகு ஒரு கால் மட்டும் வீங்கி வலிக்கிறது. எந்தத் தைலம் தேய்க்கலாம்?

பதில்: எந்தத் தைலமும் வேண்டாம், தேய்க்கவே கூடாது. ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால் காலின் ஆழத்தில் ஓடும் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம். தேய்த்தால் அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைக்கக்கூடும். இன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். மூச்சுத்திணறலோ மார்புவலியோ சேர்ந்தால் அவசர ஊர்தி.

இரண்டு கணுக்காலும் சமமாக, வலியில்லாமல் வீங்கினால் பெரும்பாலும் உட்கார்ந்தே இருந்ததால்தான். நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தில் மணிக்கொரு முறை எழுந்து நடப்பதும், உட்கார்ந்தபடியே குதிகாலைத் தூக்கி இறக்குவதும் எந்த எண்ணெயையும் விடப் பலன் தரும்.

கேள்வி: தேனை வெந்நீரில் கலந்து குடித்தால் பயணக் களைப்பு போகுமா?

பதில்: தேனைச் சூடாக்கக் கூடாது என்பது ஆயுர்வேத விதி. நீர் கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகு கலக்கலாம். ஒரு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்குத் தேனே கூடாது.

கேள்வி: கிழக்கே எட்டு மணி நேர வித்தியாசம் உள்ள நாட்டுக்குப் போகிறேன். இரவில் முழிப்பு, பகலில் தூக்கம். அமுக்கரா (அஸ்வகந்தா) சாப்பிட்டுத் தூங்கலாமா?

பதில்: முதலில் வெளிச்சம், பிறகு சாப்பாட்டு வேளை, கடைசியில்தான் மருந்து. இந்த வரிசையைத் தலைகீழாக்குவதால்தான் பலர் ஒரு வாரம் தள்ளாடுகிறார்கள்.

உடம்பின் கடிகாரம் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மணி நேரம்தான் நகரும். மேற்கை விடக் கிழக்கு கடினம். “போய் இறங்கியதும் காலை வெயிலில் நில்” என்று எல்லோரும் சொல்வார்கள். எட்டு மணி நேர வித்தியாசத்தில் அது தவறாகப் போகும். அங்கே காலை ஏழு என்றால் உங்கள் உடம்புக்கு இரவு பதினொன்று. உடல் வெப்பம் மிகவும் தணியும் நேரம் வீட்டுக் கணக்கில் விடியற்காலை நாலு, ஐந்து. அதற்கு முன்பு கண்ணில் படும் வெளிச்சம் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளும், பின்பு படுவது முன்னுக்கு இழுக்கும். ஆகவே முதல் நாள் அந்த ஊர் மதியம் ஒரு மணி வரை கறுப்புக் கண்ணாடி, நிழல். அதன் பிறகு இரண்டு மணி நேரம் வெளியே நடை. அடுத்தடுத்த நாளில் இந்த நேரத்தை ஒரு மணி நேரம் முன்னால் கொண்டுவாருங்கள்.

சாப்பாடு இறங்கிய ஊர் நேரப்படி. இரவு உணவு நீர்க்க, சூடாக, கொஞ்சமாக. உடம்பு நள்ளிரவு என்று நினைக்கும் வேளையில் அக்னி, அதாவது செரிக்கும் சக்தி, மந்தமாகத்தான் இருக்கும். பகல் தூக்கம் 20 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். படுக்குமுன் சூடான பாலில் சாதிக்காய்ப் பொடி ஒரு சிட்டிகை. கரண்டிக் கணக்கில் போட்டால் சாதிக்காய் நஞ்சு, படபடப்பும் மனக்குழப்பமும் வரும்.

அமுக்கராவைப் புதிதாகப் பயணத்தில் தொடங்க வேண்டாம். தைராய்டு மாத்திரை, தூக்க மாத்திரை, சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. டென்மார்க் 2023-ல் அதைத் தடையே செய்துவிட்டது.

கேள்வி: மலைப்பாதையில் வாந்தி. சுக்கு எவ்வளவு, எப்போது?

பதில்: அரைத் தேக்கரண்டி சுக்குப்பொடி, ஏறக்குறைய 1 கிராம், வெந்நீரில், ஏறுவதற்கு அரை மணி முன்பு. தேவைப்பட்டால் நாலு மணி நேரம் கழித்து இன்னொரு தடவை. வாந்தி தொடங்கிய பிறகு குடித்தால் தங்காது. நெஞ்செரிச்சல்காரர்களுக்கு இது ஒத்துவராது. ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்க வேண்டும். முன் இருக்கை, தூரத்தில் பார்வை. கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே சுக்கு குடித்துப் பயனில்லை.

கேள்வி: வெளியூர்த் தண்ணீர் குடித்து வயிற்றுப்போக்கு. உடனே கட்டுவதற்கு என்ன?

பதில்: உடனே கட்டாதீர்கள். கழிவு வெளியே போகட்டும், நீரை மட்டும் ஈடுகட்டுங்கள். உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் கையில் இல்லையென்றால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் தட்டையாக ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடினால் ஆபத்து. ருசித்துப் பாருங்கள், கண்ணீரை விடக் கரிக்கக் கூடாது. பசி வந்த பிறகு நீர்த்த அரிசிக் கஞ்சி, அடுத்து குழைந்த சோறு. ரத்தம், அதிகக் காய்ச்சல், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, குழந்தை சோர்ந்து கிடக்கிறது: இதில் எதுவானாலும் மருத்துவமனைதான். குடிநீரை நன்றாகக் கொப்பளிக்க ஒரு நிமிடம் கொதிக்கவிடுங்கள். 2,000 மீட்டருக்கு மேல் நீர் குறைந்த சூட்டிலேயே கொதிப்பதால் மூன்று நிமிடம்.

கேள்வி: செம்புக் குப்பியில் எலுமிச்சை நீர் எடுத்துப்போகலாமா?

பதில்: கூடாது. புளிப்பு செம்பைக் கரைக்கும். குமட்டலும் வாந்தியும் வரும். வெறும் நீர் மட்டும். சூடாக வேண்டுமென்றால் எஃகு பிளாஸ்க்.

கேள்வி: வெளிநாட்டுக்குச் சூரணம், லேகியம் கொண்டுபோகும்போது பிரச்சினை வருமா?

பதில்: பொட்டலம் கட்டிய பொடிதான் பிரச்சினை. முத்திரை உடையாத டப்பா, சேர்மானம் அச்சிட்ட லேபிள், மருத்துவர் சீட்டு மூன்றும் இருக்கட்டும். லேகியமும் திரவக் கணக்கில் சேரும். பாதரசம், ஈயம் போன்ற உலோகம் சேர்ந்த ரச மருந்துகளைச் சுயமாக எடுத்துப்போய் சாப்பிடாதீர்கள். கசகசா சேர்ந்த எதையும் ஐக்கிய அரபு அமீரகம், சவுதி பக்கம் கொண்டுபோகவே கூடாது. அங்கே அது போதைப்பொருள் வழக்கு.

கேள்வி: திரும்பி வந்ததும் ஒரே நாளில் பழைய ஒழுங்குக்கு வந்துவிட வேண்டுமா?

பதில்: வேளையை மட்டும் முதல் நாளே பிடியுங்கள்: எழுவது, மதிய உணவு, படுப்பது. மற்றதைக் கால் கால் பங்காக மாற்றச் சொல்வதுதான் ஆயுர்வேத முறை. பயணத்தில் நாளுக்கு நாலு காப்பி பழகியிருந்தால் முதலில் ஒன்றைக் குறைத்து, உடம்பு அதற்குப் பழகிய பிறகு அடுத்ததைக் குறையுங்கள். வந்த களைப்பிலேயே பட்டினி, பேதி மருந்து, கடும் உடற்பயிற்சி என்று இறங்கினால் ஏறியிருக்கும் வாதம் இன்னும் ஏறும். இரண்டு நாள் நெய் விட்ட சூடான சோறு, இரவு ஒன்பதரைக்குப் படுக்கை. உடற்பயிற்சி மூன்றாம் நாள்.