‘முழுக்க இரும்புமரம்’ என்று விற்கப்படும் பினிசி: வாங்குமுன் எதைப் பார்ப்பது?

கேள்வி: இந்தோனேசியாவின் லாபுவான் பாஜோவில் சுற்றுலாவுக்கு ஓடும் பழைய பினிசி (அந்நாட்டு மரப் பாய்க்கப்பல்) ஒன்றை நண்பர்கள் சேர்ந்து வாங்க நினைக்கிறோம். முழுக்க இரும்புமரம், நூறு வருடம் தாங்கும் என்கிறார் தரகர். நம்பலாமா? – பினாங்கு வாசகர்

பதில்: கப்பலைத் தண்ணீரிலிருந்து மேலேற்றிக் காட்டும்வரை ஒரு காசு முன்பணம் தராதீர்கள். மிதக்கும் கப்பலில் உங்கள் கண்ணுக்குப் படுவது புது வார்னிஷ் மட்டுமே. இரண்டு பாய்மரமும் ஏழு பாயும் இருப்பது பாய் கட்டும் முறையைத்தான் காட்டும். அடியில் என்ன மரம் என்பதற்கு அது சாட்சி ஆகாது.

இரும்புமரம் என்பது போர்னியோவின் உலின் மரம். நீர்மட்டத்துக்குக் கீழே, அடிக்கட்டையை ஒட்டியும் அணியத்திலும் (முன்முனையிலும்), தரகர் காட்டும் இடத்தில் இல்லாமல் நீங்கள் சொல்லும் இடத்தில் சிறு துண்டு எடுக்கச் சொல்லுங்கள். நன்றாகக் காயவைத்துத் தண்ணீரில் போடுங்கள். உலின் பெரும்பாலும் மூழ்கும். காயவைக்காமல் போட்டால் ஊறிப்போன மட்ட மரமும் மூழ்கும். பலரை ஏமாற்றுவது இந்த ‘சோதனை’தான்.

ஒன்றில் மட்டும் அவசரப்படாதீர்கள். வங்குக்கால்கள், அதாவது பலகைகளை உள்ளிருந்து விலா எலும்புபோல் தாங்கும் வளைகட்டைகள், வேறு மரமாக இருந்தால் அது மோசடி இல்லை. தெற்கு சுலாவெசியின் புலுக்கும்பா வட்டாரத்தில், தானா பெரு, ஆரா, பீரா ஊர்களின் கொன்ஜோ தச்சர்கள் முதலில் பலகைகளை மரமுளையால் விளிம்போடு விளிம்பு பொருத்திக் கப்பலின் வெளிக்கூட்டைக் கட்டிவிடுவார்கள். வங்குக்கால் அதற்குப் பிறகே உள்ளே போகும். அதற்கு இயல்பாகவே வளைந்த மரம் வேண்டும். பித்தி மரம் அப்படிக் கிடைக்கும். நேராக வளரும் உலினை அப்படிச் செதுக்கினால் இழை குறுக்கே அறுபட்டு வலு போய்விடும். ஆகவே பித்தி வங்குக்கால் முறையான வேலை. அது பலகையைத் தொடும் இடத்தில் கூரான திருப்புளியால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால்தான் கவலை.

இற்றுப்போவது பெரும்பாலும் கடல்நீரால் அல்ல, நன்னீரால். அறைகளின் குளியலிடத்துக்கு அடியிலும், ஏசித் தண்ணீர் சொட்டும் இடத்திலும், தளமும் பக்கப்பலகையும் சேரும் மூலையிலும் பாருங்கள். பலகை மூட்டில் துருக் கறை வழிந்தால் உள்ளே இரும்பு ஆணி கரைகிறது. கலப்பத்து (பலகை இடுக்குகளை அடைக்கும் அடைப்பு) தளர்ந்துவிட்டதா என்று அறிய ஓர் இரவு நங்கூரத்தில் விட்டு, கசியும் நீரை இறைக்கும் பம்பு எத்தனை முறை ஓடுகிறது என்று எண்ணுங்கள்.

சரக்குக் கப்பலின் மேல் அடுக்கடுக்காக அறை கட்டியிருந்தால் கூடுதல் எச்சரிக்கை. பத்துப் பேரை ஒரு பக்கம் நிறுத்தி, சட்டென்று நடுவுக்கு வரச் சொல்லுங்கள். கப்பல் சோம்பலாக நிமிர்ந்தால் மேல்பாரம் அதிகம். அளவுச் சான்றிதழில் உள்ள அளவும் இன்றைய மேல்கட்டும் பொருந்துகிறதா என்றும் பாருங்கள். அளவுக்கு ஒரு தாள், உரிமைக்கு ஒரு தாள், புறப்பட ஷாபந்தரிடம் (துறைமுக அதிகாரியிடம்) இன்னொரு தாள். அளந்த பிறகு ஏறிய மாடியைக் கேட்க இத்தனை தாளுக்கும் வாய் இல்லை.

கடைசியாக, பெயர். 2008-இன் 17-ஆம் எண் சட்டப்படி இந்தோனேசியக் குடிமக்களோ, அந்நாட்டு நிறுவனமோ, இந்தோனேசியர் பெரும்பான்மைப் பங்கு வைத்திருக்கும் கூட்டு நிறுவனமோதான் அங்கே கப்பலைப் பதிய முடியும். “என் மச்சான் பெயரில் பங்கை வைப்போம், தனியாக எழுதிக்கொள்வோம்” என்று தரகர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். வேறொருவருக்காகப் பங்கைப் பெயருக்கு வைத்திருக்கும் ஒப்பந்தம் 2007-இன் முதலீட்டுச் சட்டப்படி செல்லாது. பணம் உங்களுடையது, கப்பல் மச்சானுடையது.